மாலை ஐந்து மணிக்கு அப்புறம்: இல்லம் தேடிக் கல்வி – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி. எங்கள் தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் மாலை ஐந்தரை மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 32-இல் 17-ஐக் கழித்து 25 என்று எழுதியிருந்தான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் அவனுக்குத் தெரியும்.

சொல்லிக்கொடுக்கும் அக்கா அதை அடித்துத் திருத்தவில்லை. விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார். மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இதுலேருந்து எனக்குப் பதினேழு குச்சி எடுத்துக் குடு கண்ணு" என்றார். அவன் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். கையில் உதிரி இரண்டுதான். கட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். மிச்சத்தை எண்ணிப் பார்த்து, சிலேட்டில் இருந்த 25-ஐ எச்சில் தொட்டு அழித்துவிட்டு 15 என்று எழுதினான். அக்கா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, அடுத்த கணக்கைக் கொடுத்தார்.

அந்தப் பையன் இரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் நேரத்தில், 2020 மார்ச்சில், பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். மூன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. தேர்வு இல்லாமல் எல்லோருக்கும் தேர்ச்சி போட்டார்கள், வேறு வழியும் இல்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதற்குள் அவன் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பையில் நாலாம் வகுப்புப் புத்தகம், தலையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதி. கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய ஆண்டு அவன் வாழ்க்கையில் வரவே இல்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடத்தான் செய்தது. வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையில் அவன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பி வரும்.

அரசுப் பணத்தில், பள்ளி நேரத்துக்கு அப்புறம் நடக்கும் வகுப்புகளால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் திண்ணை வகுப்பை நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத்தான். நம் ஊரில் நடந்தது, பெரிய அளவில் நடந்தது, யாரோ உட்கார்ந்து அளந்தும் பார்த்தார்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

திட்டம் எப்படி இருந்தது

பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். ஆறு மாதத்துக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்கு என்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள், பெரும்பாலானவர்கள் பெண்கள். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்துபோனார்கள். அரசு ஒதுக்கியது 200 கோடி ரூபாய்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 ரூபாயை இருபது பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 50 ரூபாய். பயிற்சி, கையேடு, மேற்பார்வை என்று மேலே கொஞ்சம் சேரும். அப்படியும் எங்கள் ஊரில் டியூஷனுக்கு ஒரு மாதம் கட்டுகிற பணத்தில் சின்னப் பங்குதான் இது.

டியூஷன் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். நாலு மணிக்கு மணி அடித்ததும் பிரிந்துவிடுகிறார்கள். கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகும், இல்லாவிட்டால் படித்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யவைப்பார். இன்னொரு பிள்ளையின் அம்மா அந்த நேரத்தில் களை பறித்துவிட்டோ, நூல் மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டோ வந்துகொண்டிருப்பார். அந்தப் பிள்ளைக்கு மாலை என்பது தெருவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும்தான். ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விழுவது மாலையின் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நேரத்துக்கு அரசு பணம் போட்டதை அதனால்தான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன்.

ஆளைத் தேடிப்போனது

திட்டம் தொடங்குமுன் கலைக்குழுக்கள் ஊர் ஊராக வந்தன. பறை, ஒயிலாட்டம், தெருமுனை நாடகம். அரசு விளம்பரம் என்றால் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள், இங்கே சாயங்காலம் கோயில் திடலில் பறை அடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். பார்த்தபோது எனக்கு 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் அன்று அந்தச் சுமையைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லித்தரலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. இந்த முறை அதற்கு ஒரு துறையும், தனி அலுவலரும், கையேடும், செல்போன் செயலியும், சின்னதாக ஒரு தொகையும் கிடைத்தன.

எதிர்ப்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தேசியக் கல்விக் கொள்கையில் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசியிருப்பதால், அந்தக் கொள்கை பின்வாசல் வழியாக வருகிறதோ, மதவாத அமைப்புகளின் ஆட்கள் இப்படி வகுப்புக்குள் நுழைந்துவிடுவார்களோ என்று திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி உட்படப் பலர் அச்சம் தெரிவித்தார்கள். நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் தட்டிக்கழிக்க இது ஒரு சாக்காகிவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டுமே கேட்கவேண்டிய கேள்விகள். விண்ணப்பித்தவர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதும், பள்ளி மேலாண்மைக் குழுவையும் தலைமை ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்வதும் முதல் கேள்விக்கு ஓரளவு பதிலாக அமைந்தன. இரண்டாவது கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மாலை அக்கா ஒருபோதும் காலை டீச்சருக்கு மாற்று ஆகிவிடக் கூடாது.

அளந்து பார்த்தவர்கள்

இந்த ஆய்வின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகவே போகிறேன்.

அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்களிடம் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி 2019-இலேயே எடுத்த தரவு கையில் இருந்தது. கொரோனாவுக்கு முன்னால் அதே ஊர்களில் ஒவ்வொரு வயதிலும் ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது என்பது அதில் பதிவாகியிருந்தது. உலகத்தில் பல இடங்களில் கற்றல் இழப்பைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் முந்தைய அளவு அவர்களிடம் இல்லை. இவர்களிடம் இருந்தது. அதனால் 2021 டிசம்பரில் தொடங்கிச் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளியில் சோதித்தால் வராத பிள்ளைகள் விட்டுப்போவார்கள் என்பதால் வீடு தேடிப் போய்ச் சோதித்தார்கள்.

2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் ஏறத்தாழ 0.7 திட்டவிலக்கமும் தமிழில் ஏறத்தாழ 0.34 திட்டவிலக்கமும் இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். இந்தச் சொல் பழக்கமில்லாதவர்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். 2019-இல் நூறு பிள்ளைகளைத் திறமைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில், ஐம்பதாவது இடத்தில், ஒரு பிள்ளை நிற்கும். 2021 டிசம்பரின் நடுத்தரப் பிள்ளையைக் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்தினால், கணக்கில் அதற்குப் பின்னால் 24 பேர்தான் இருப்பார்கள். தமிழில் 37 பேர். கணக்கில் இழப்பு அதிகம் என்பதில் எனக்கு வியப்பில்லை. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், கடன் வாங்கிக் கழிப்பது எங்கேயும் காதில் விழாது. அதிகம் படிக்காத தாய்மார்களின் பிள்ளைகள் கூடுதலாகவும் இழந்திருந்தார்கள்.

அப்புறம் மறுபடி போய்ச் சோதித்தார்கள். இடையில் 2022 ஜனவரியில் ஒமிக்ரானால் பள்ளிகள் மூடிப் பிப்ரவரி 1-இல் மீண்டும் திறந்திருந்தன. அப்படியிருந்தும் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்திருந்தது. அதிகம் இழந்த பிள்ளைகள்தான் வேகமாக மேலேறினார்கள். மொத்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வேகமாக மீண்டதற்கும் இந்த மாலை வகுப்பு துணையாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

கால்வாசி. முக்கால்வாசியைச் செய்தது பள்ளி திறந்ததும் மற்றதும்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய் ஊக்கத்தொகையில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் ஒரு திண்ணையில் நடத்திய வகுப்பு, கிராமப் பிள்ளைகளின் மீட்சியில் கால்வாசியைச் சுமந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்த இன்னொரு கல்வி முயற்சி சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பாதிப் பிள்ளைகளை மையத்துக்கு அனுப்பி, மறு பாதியை அனுப்பாமல் செய்த சோதனை இல்லை இது. வந்த பிள்ளைகளையும் வராத பிள்ளைகளையும், அவர்கள் தொடங்கிய இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சொன்ன முடிவு. ஆர்வமுள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக வந்திருந்தால் எண் கொஞ்சம் கூடத் தெரியலாம். ஆராய்ந்ததும் கிராமப்புறத்தின் சின்ன வகுப்புப் பிள்ளைகளைத்தான். நகரத்துக்கும் எட்டாம் வகுப்புக்கும் இதே எண்ணைத் தூக்கிப் பொருத்த முடியாது.

ஏன் பலித்தது

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு பாடம் இருக்கிறது. '21-ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்' என்ற பெயரில் கூட்டரசு பணம் கொடுத்து, பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மையங்களை நாடு முழுக்க வளர்த்தார்கள். 1990-களின் இறுதியில் சில கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு 2002-இல் 100 கோடி டாலரைத் தொட்டது. மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் அரசுக்காக மதிப்பிட்டு 2003-இல் முதல் அறிக்கை கொடுத்தது. படிப்பில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று வந்தது. உடனே ஒதுக்கீட்டை 60 கோடியாகக் குறைக்க அதிபர் புஷ்ஷின் நிர்வாகம் முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதற்கு இசையவில்லை.

அந்த அறிக்கையை வைத்து 'பள்ளிக்கு அப்புறம் நடத்துவதெல்லாம் வீண்' என்று சொன்னவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்னால் டர்லக், வைஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல திட்டங்களின் முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். படிப்படியாகக் கட்டி, பிள்ளைகளைச் செய்யவைத்து, இதைத்தான் வளர்க்கப்போகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொண்டு நடத்திய இடங்களில் பலன் இருந்தது. பிள்ளைகளை உட்காரவைத்து நேரத்தைப் போக்கிய இடங்களில் இல்லை. கூரையும் நாற்காலியும் மட்டும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை பத்திரமாக இருக்கும், அதுவும் பெரிய விஷயம்தான். கழித்தல் கணக்கு வர வேண்டுமென்றால் யாராவது ஈர்க்குச்சிக் கட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

எங்கள் திண்ணையில் நான் பார்த்தது என்னவென்றால், வகுப்பு என்ற பிரிவே அங்கே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் இரண்டாம் வகுப்புப் பையனும் ஒரே எழுத்து அட்டையை வைத்து விளையாடுவார்கள், இருவரும் நிற்கும் இடம் ஒன்று என்பதால். பள்ளி டீச்சருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அவருக்கு முடிக்க வேண்டிய பாடத்திட்டம் இருக்கிறது. அக்காவுக்கு யாரும் அப்படிக் கெடு வைக்கவில்லை. பாட்டும் விடுகதையும் கதைப் புத்தகமும் வைத்து நடத்தச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 2022 ஜூன் தொடக்கத்தில், கோடை விடுமுறையில், கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. செல்போனைப் பார்த்துப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்க, அது தப்பைத் திருத்தும். ஒரே போனுக்குப் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். 'ழ'வை அந்தப் போன் ஏற்றுக்கொள்ளும் வரை விடாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஒரு பெண்ணின் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

இன்னொன்று, தூரம். மையம் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. இருட்டிய பிறகு ஒன்பது வயதுப் பெண் பிள்ளையைத் தனியாக அரை கிலோமீட்டர் அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனம் வராது. அடுத்த தெரு அக்கா வீட்டுத் திண்ணை என்றால் அனுப்புவார். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அக்காவே வாசலில் வந்து நின்று "ஏங்க்கா, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். எந்தச் செயலியும் செய்ய முடியாத கண்காணிப்பு இது.

அக்காவுக்கு என்ன கிடைத்தது

எங்கள் தெரு அக்கா பி.காம். முடித்து, கல்யாணமாகி, இரண்டு குழந்தைகளோடு வீட்டில் இருந்தவர். தெருவில் அவரை இன்னாருடைய மருமகள் என்றுதான் சொல்வார்கள். மையம் தொடங்கி ஒரு மாதத்தில் அவர் வீடு 'இல்லம் தேடி அக்கா வீடு' ஆகிவிட்டது. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார், ஒன்றிய அளவிலான பயிற்சிக்குப் பஸ் ஏறிப் போனார். பிள்ளைகளுக்காக என்று போட்ட பணத்தில் இப்படி ஒரு பலனும் வந்தது. மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் பேர் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் 1,000 ரூபாய் போதாது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கில் இருந்தாலும் தயாரிப்பு, வருகைப் பதிவு, வீடு வீடாகப் போய் விசாரிப்பது எல்லாம் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சாக்பீஸ், அட்டை, பிறந்தநாள் வந்த பிள்ளைக்கு மிட்டாய் எல்லாம் அவர் காசுதான். அன்பினால் செய்கிறார்கள் என்பதற்காக அன்பையே சம்பளமாகக் கணக்கு வைத்துவிடக் கூடாது. இதை எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. திட்டத்தின் முழு பலமும் தன்னார்வலரின் மேல் நிற்கிறது, செலவைக் குறைத்ததும் அவர் தலையில்தான். ஊக்கத்தொகையை இரட்டிப்பாக்கினாலும் ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய்தான் ஆகும்.

கொரோனாவின் நெருக்கடி தணியத் தணிய மையங்களின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. இழப்பு சரியாகிவிட்டது, இனி எதற்கு என்ற எண்ணம் இருக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொரோனாவுக்கு முன்னாலும் அந்த ஐந்து முதல் ஏழு மணி இருந்தது, களை பறிக்கப் போன அம்மா இருந்தார், டியூஷன் கட்ட முடியாத வீடு இருந்தது. நோய் அதை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைத்தது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்புக்கு அப்புறம்

பெரிய குறை ஒன்று உண்டு. திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பதினான்கு, பதினைந்து வயதில்தான் மாலை நேரம் ஆபத்தாக மாறுகிறது. அந்த வயதுக்குப் பொதுப்பணம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானார்கள். விளையாட்டு, இசை, நடனம் என்று பள்ளிக்குப் பின் நடக்கும் குழுக்களுக்கு அரசும் நகராட்சிகளும் பணம் கொடுத்தன. தலைநகர் ரெய்க்யவிக்கில் பிள்ளைகளின் கட்டணத்துக்கென்று குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் தனித் தொகை கொடுத்தார்கள். இரவு வெளியே சுற்றுவதற்குக் கட்டுப்பாடு, பெற்றோர் கூட்டங்கள், மது, புகையிலை விற்பனைக்கு வயது வரம்பு என்று மற்றவையும் கூடவே நடந்தன. அதனால் முழுப் பெருமையையும் மாலைக் குழுக்களுக்கே கொடுத்துவிட முடியாது. சில லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அது, மக்கள்தொகையில் நம் ஒரு மாவட்டத்தைவிடச் சிறியது. ஆனாலும் கால்பந்துப் பயிற்சியாளருக்கும் பாட்டு வாத்தியாருக்கும் நகராட்சிப் பணம் போனது என்பதை நம் உள்ளாட்சிகள் கவனிக்கலாம். எங்கள் ஊரில் திடல் இருக்கிறது, பொது நூலகம் இருக்கிறது. ஆறு மணிக்கு அங்கே ஒரு பெரியவர் இருந்து பிள்ளைகளை வா என்று கூப்பிடும் ஏற்பாடுதான் இல்லை.

ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்த பையன் இப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் மையம் நின்றுபோய் வெகுநாள் ஆகிவிட்டது. அக்கா பி.எட். சேர்ந்திருக்கிறார். கரும்பலகை மட்டும் இன்னும் அந்தத் திண்ணைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பையன் அங்கே உட்கார்ந்து இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தான், அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டே "அடுத்த படி என்ன, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மீதிப் பதினேழு பேரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு திண்ணை கிடைத்திருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். நாலைந்து பேரைத்தான் தெரியும் என்றார்.